பக்கத்தில் ஒரு தீப்பெட்டி

படக்கார அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். அவர் சுருட்டுப் பிடிப்பவர் அல்ல. அடுப்பு மூட்ட வீட்டில் வேறு பெட்டி உண்டு. இது படத்துக்கு. எந்தப் பொருளைப் படம் எடுக்கச் சொல்லி யார் கொண்டுவந்தாலும், முதலில் அதை மேசைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றி வருவார். பிறகு பையைத் திறந்து தீப்பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைப்பார்.

"இப்ப தெரியுதா, நீ எவ்ளோ பெரிய ஆளுன்னு?" என்று அந்தப் பொருளைக் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது போலத்தான் கேட்பார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்களுக்கு அவர் படக்கார அக்கா, அவ்வளவுதான். மலாக்காவில் தெங்கேரா என்ற தெருவில் ஒரு காப்பித்தூள் கடைக்கு மேல்மாடியில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. கீழே கடையில் நான் தூள் கட்டும் வேலை பார்த்தேன். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் இன்னும் முடியாத வருஷங்கள். டவுனில் இருந்தவர்கள் அதைக் கொஞ்சம் மறந்திருந்தார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த நாங்கள், லாரி நிற்கும் சத்தம் கேட்டாலே சோதனைக்கு வந்துவிட்டார்களோ என்று எட்டிப் பார்ப்போம்.

அக்கா கணவரை இழந்தவர். வெள்ளைச் சேலை கட்டவில்லை. கறுப்பு, இல்லாவிட்டால் கருநீலம். அந்த நாளில் அதுவே தெருவுக்குப் பெரிய பேச்சாக இருந்தது. கோயிலில் ஒருமுறை ஒரு அம்மாள் நேராகவே கேட்டுவிட்டார்: "தாலி அறுத்தவ கட்டுற சேலையா இது?"

"வெள்ளை கட்டினா நான் எல்லாக் குடத்துலயும் தெரிவேன்" என்றார் அக்கா.

அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளங்கவில்லை. பிறகு ஒருநாள் மாடியைக் கூட்டப் போனபோது பார்த்தேன். பாத்திரக் கடைக்காரர் ஒருவர் பித்தளைக் குடம் ஒன்றைப் படம் எடுக்கக் கொடுத்திருந்தார். புளி போட்டுத் தேய்த்து, கண்ணாடி போல் மினுங்கியது. அதற்குள் ஜன்னல் தெரிந்தது, காமிரா தெரிந்தது, வாசலில் துடைப்பத்தோடு நின்ற நான் தெரிந்தேன். கறுப்புச் சேலையில் நின்ற அக்கா மட்டும் தெரியவில்லை.

அந்தக் குடத்தோடு அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். முதலில் எடுத்த படங்களில் குடத்தைவிட ஜன்னல்தான் நன்றாக விழுந்தது. பிறகு வெள்ளை வேட்டியைக் கூடாரம் மாதிரி கட்டி, குடத்தை உள்ளே வைத்து, துணியில் ஓட்டை போட்டு அது வழியாக எடுத்தார். ஜன்னல் போய்விட்டது. ஆனால் குடம் மாவு பூசின பூசணிக்காய் போல் உயிரில்லாமல் கிடந்தது. இரண்டு நாள் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பழைய குடை ஒன்றின் கறுப்புத் துணியைக் கிழித்து, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கூடாரத்தின் உட்புறம் தொங்கவிட்டார். குடத்தின் வளைவில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. குடம் சட்டென்று உருண்டையாகிவிட்டது. கையை விட்டுத் தூக்கலாம் போல் இருந்தது.

"வெளிச்சமா கொட்டினா உருவம் வராது பாத்துக்க. கொஞ்சம் இருட்டும் வேணும்" என்று என்னிடம் சொல்லவில்லை, குடத்திடம்தான் சொன்னார்.

இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. கணவர் ஆட்களை மட்டும்தான் எடுப்பாராம். அவர் போனபின் அக்கா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோது, ஆண்பிள்ளைகள் வர மாட்டேனென்றார்கள். ஒரு பொம்பளை "ஆடாதே, அசையாதே" என்று சொல்ல, அதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வெட்கம். ஆள் வராத நாட்களில் அக்கா ஒரு கத்திரிக்காயை ஜன்னல் கட்டையில் வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்ப்பார். எந்த நேரத்தில் அதன் தோல் மினுங்குகிறது, எந்த நேரத்தில் அது சும்மா ஊதா உருண்டையாகக் கிடக்கிறது, காம்பின் முள்ளுக்கு எப்போது நிழல் விழுகிறது. பார்த்து முடித்ததும் குழம்பு வைத்துவிடுவார்.

"கத்திரிக்காய்க்கு வெக்கம் கெடையாது. அதான் அதுகிட்ட கத்துக்கிட்டேன்" என்பார்.

ஜன்னலில் அவர் தொங்கவிட்டிருந்தது திரைச்சீலை அல்ல. புகை போடாமல் காய வைத்த ரப்பர் ஷீட்டு. வெயில் அதற்குள் புகுந்து வரும்போது பாலாக மாறிவிடும். அதன் நாற்றம் மாடிப்படி வரைக்கும் வரும். மூக்கைப் பிடிப்பவர்களைப் பார்த்து, "இந்த நாத்தத்துலதான் நம்ம ஜனம் பூரா சோறு திங்குது. படத்துக்கு மட்டும் ஆகாதா?" என்பார்.

அலமாரியில் ஒரு மேசை விளக்கு இருந்தது, உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கணவர் சிங்கப்பூரிலிருந்து வந்த படப் புத்தகம் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு வரவழைத்தாராம். படத்தில் அது ஒரு வீட்டுக்கே வெளிச்சம் தரும் போல் நின்றது. பார்சல் வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் இது. பாவம், அந்த மனிதர் வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம்.

"எடுத்தவன் கெட்டிக்காரன்தான்" என்று அக்கா அந்த விளக்கைக் காட்டிச் சொல்வார். "கீழே இருந்து எடுத்திருக்கான். பக்கத்துல ஒண்ணுமே வைக்கல. அதான் சூச்சுமம். பக்கத்துல ஒண்ணும் இல்லன்னா எலியும் யானைதான்."

தீப்பெட்டி அன்று பைக்குள் போனது.

அதனால் அவருக்கு வந்த சண்டை கொஞ்சமா? எங்கள் காப்பிக்கடை முதலாளி கலெண்டர் போடுவதற்காகப் புது டின்னைப் படம் எடுக்க மாடிக்குக் கொண்டுபோனார். நான் கீழே தூள் அளந்துகொண்டிருந்தேன். பலகைத் தரையாதலால் பேச்செல்லாம் கீழே கேட்கும்.

"என்ன லா இது? என் டின்னு பக்கத்துல எதுக்குத் தீப்பெட்டி? நான் என்ன தீப்பெட்டியா விக்கிறேன்?"

"டின்னு எத்தாப்பெருசுன்னு வாங்குறவங்களுக்குத் தெரிய வேணாமா முதலாளி?"

"தெரிய வேணாம்! அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன். கீழேருந்து எடு. கோபுரமாட்டம் நிக்கணும்."

"கோபுரம் வேணும்னா கோயிலுக்குப் போங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு முதலாளியின் குரல் இறங்கிவந்தது. "அம்மா, தாயே, தீப்பெட்டி வேணாம். பாக்குறவன் சிரிப்பான்."

"சரி, தீப்பெட்டி வேணாம். கை வைக்கிறேன். டின்னைத் தொறந்து ஒரு கை தூள் எடுக்குற மாதிரி."

"யார் கை?"

அக்கா படிக்கட்டுப் பக்கம் வந்து குனிந்தார். "ஏ பொண்ணு! மேல வா. கையைக் கழுவிட்டு வா."

எனக்கு உயிரே போய்விட்டது. யார் முன்னாலும் நிற்கத் தெரியாதவள் நான். கடைக்கு வருகிறவர்களிடம்கூட, தூளைப் பார்த்துத்தான் பேசுவேன். "நான் வேணாங்க்கா, கை நடுங்கும்" என்றேன்.

"உன் கை நடுங்காது. எனக்குத் தெரியும்."

அது அவருக்கு எப்படித் தெரியும் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நாங்கள் முன்பு டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமான புதிது. எல்லோரும் அடையாள அட்டை எடுக்க வேண்டுமென்று உத்தரவு. தோட்ட ஆபீஸ் முன்னால் வெள்ளைத் துணி கட்டி, அக்கா காமிராவோடு நின்றார். அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை எல்லாம் போலீஸ் சொல்லி அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் நான் கடைசி. முக்காலியில் உட்கார்ந்ததும் தலை தானாகக் குனிந்துகொண்டது.

"நிமிந்து பாரு!" என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கத்தினார். "நிமிரு! ஒனக்கு மட்டும் தனியா ஒரு நாள் வைக்கணுமா?"

கத்தக் கத்த என் மோவாய் மார்பில் போய் ஒட்டிக்கொண்டது. கறுப்புத் துணிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது: "கிராணி, அந்தாண்ட போங்க. உங்க நிழல் பொண்ணு மேல விழுது."

கிராணி கீழே பார்த்தார், தன் நிழலைத் தேடி. உச்சிவேளை. நிழல் அவர் காலடியிலேயே கிடந்தது. ஆனாலும் நாலு அடி தள்ளிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்து தலையைத் தூக்கினேன். டக்கென்று எடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் தோட்டத்து ஜனத்தை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு உள்ளே வைத்தார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். ஒரு வாரத்துக்குத் தலைக்கு இவ்வளவு, அதற்கு மேல் ஒரு வீட்டில் பச்சரிசியோ புழுங்கலரிசியோ இருக்கக்கூடாது. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோக முடியாது. காலையில் கேட்டில் வாளிக்குள், கொண்டைக்குள் எல்லாம் கையை விட்டுப் பார்ப்பார்கள்.

அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் மலேரியாக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். பிழைப்பாரா என்பதே தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்ற, ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்போம். ரேஷன் வந்ததும் கோயில் கமிட்டி அதை நிறுத்திவிட்டது. நான் நிறுத்தவில்லை. அவர் எழுந்து நடந்தால் ஆடியில் கஞ்சி ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து பானைக் கழுத்தில் கட்டினேன். தினம் ஒரு பிடி. அது என் வயிற்றுப் பங்கு. வேறு யாருடைய பங்கும் அல்ல. அவரிடம்கூடச் சொல்லவில்லை. வேண்டுதலைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார், நடந்தார், வேலைக்கும் போனார். ஆடிக்கு முன்னால் ஒரு காலையில் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், போலீஸ்காரர்கள் சோதனை போட்டார்கள். அடுப்புக்குப் பின்னால் விறகுக்குள் இருந்த பானையைக் கண்டுபிடித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முன்னால் வந்து, "நான்தாங்க வச்சேன்" என்றார். எதற்கு வைத்தது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தவன் என்று எழுதிவிட்டால் அடைத்துப் போடுவார்கள், பிறகு கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு ஊர் என்று ஒன்றே கிடையாது. அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார்.

ஸ்டேஷன் நாலு மைல். நடந்தே போனேன். உள்ளே விடவில்லை. வாசலில் அங்சானா மரத்தடியில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியபோது பஸ்ஸிலிருந்து காமிராப் பெட்டியும் மூன்று கால் ஸ்டாண்டுமாகக் கறுப்புச் சேலையில் அக்கா இறங்கினார். என்னைத் தாண்டிப் போய், திரும்பி வந்தார்.

"ஏ, நீ தலை நிமிராத பொண்ணுல்ல? இங்க என்ன பண்றே?"

"அரிசிக்கா. எங்க வீட்டு ஆளைப் பிடிச்சு வச்சிருக்காங்க."

"எவ்ளோ அரிசி?"

"பால் டின்னுல அளந்தா எட்டு டின்னு இருக்கும்."

"யாருக்கு வச்சீங்க?"

"அம்மனுக்கு."

அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாசலில் நின்ற போலீஸ்காரர் அவர் பையைச் சோதித்து, தீப்பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டார். அக்கா உள்ளே போனார். நான் மெல்ல எழுந்து ஜன்னலோரம் நின்றேன்.

உள்ளே தரையில் தார்ப்பாய் விரித்து, என் அரிசியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். பின்னால் ஒரு பெரிய கோணிச் சாக்கைச் சாய்த்து, அதன் வாயிலிருந்து அரிசி சரிந்தது போல் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்கே அது ஒரு மூட்டை அரிசியாகத்தான் தெரிந்தது. அந்த ஸ்டேஷனில் மாசக்கணக்காக யாரையும் பிடித்ததில்லையாம். மூன்று மணிக்குப் பெரிய அதிகாரி வருகிறாராம். படம் அதற்குள் எடுத்தாக வேண்டும். சார்ஜன் நம் ஆள்தான், தமிழ் பேசுகிறவர்.

"கிட்டக்க வச்சு எடுங்க. இந்த லைட்டை நேரா அடிங்க. வெள்ளை வெளேர்னு கொட்டிக் கிடக்கணும்" என்றார்.

அக்கா அரிசியைச் சுற்றி வந்தார். "இந்தச் சாக்கு யாருது?"

"ஸ்டேஷன் சாக்குதான். பின்னாடி சும்மா இருக்கட்டும்."

"அரிசி சாக்குலயா இருந்துச்சு?"

"பானையில இருந்துச்சு."

"அப்ப பானையைக் கொண்டாங்க."

"இந்தாம்மா, படம் எடுக்கிறது உங்க வேலை. கேள்வி கேக்கிறது என் வேலை."

"எதுல இருந்துச்சு, எவ்ளோ இருந்துச்சு, இது ரெண்டும் தெரியாம நான் கத்திரிக்காயைக்கூட எடுக்கிறதில்ல சார்ஜன்."

ஓரமாக நின்ற ஒரு போலீஸ்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். சார்ஜன் அவரை முறைத்தார். பிறகு அக்காவின் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அடையாள அட்டைப் படமெல்லாம் யார் சொல்லி உங்களுக்கு வருதுன்னு ஞாபகம் இருக்குல்ல? நாளைக்கே வேற ஆளுக்குப் போயிடும்."

"நாளைக்குத்தானே? போகட்டும்." அக்கா காமிராப் பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "இன்னைக்கு வேற ஆளு வேணும்னாலும் சொல்லி அனுப்புங்க. மலாக்காவுலேருந்து மூணு மணிக்குள்ள வந்துட்டாச் சரி."

சார்ஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பானையைக் கொண்டுவரச் சொல்லிக் கையை வீசினார். பானை வந்தது.

அக்கா சாக்கைத் தூக்கி மூலையில் போட்டார். லைட்டை அணைத்தார். அரிசியைக் கூட்டிக் குவித்து, பானையைப் பக்கத்தில் வைத்து, ஜன்னலுக்கு நேராகத் தார்ப்பாயையே இழுத்துவந்தார். அப்போதுதான் நாங்கள் இருவரும் எதிரெதிரே இருந்தோம், நடுவில் ஜன்னல் கம்பி. பானைக் கழுத்தில் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த மஞ்ச இருக்கே, என் தகட்டுல எடுத்தா படத்துல கறுப்பாத்தான் விழும். பானையும் கறுப்பு. நேரா லைட்டடிச்சா முடிச்சே காணாமப் போயிடும்" என்றார். யாரிடம் சொன்னாரோ. "பக்கத்துலேருந்து வெளிச்சம் வந்தா முடிச்சு துருத்திக்கிட்டு நிக்கும். எனக்கு ஒரு வெள்ளைத் தட்டு வேணும். பிடிக்க ஒரு ஆளு வேணும். வெளிய அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க."

"அது பிடிபட்டவன் பொண்டாட்டி!"

"பொண்டாட்டின்னா தட்டுப் பிடிக்கக் கூடாதா?"

எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ்காரர்கள் சாப்பிடும் பீங்கான் தட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தை அதில் வாங்கிப் பானையின் இருண்ட பக்கத்துக்குத் திருப்பச் சொன்னார் அக்கா. திருப்பினேன். முடிச்சு அப்படியே எழுந்து நின்றது. உள்ளே இருக்கும் காசின் வட்டம்கூடத் தெரிந்தது.

அக்கா கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார், வெளியே எடுத்தார். பையைத் திறந்தார், மூடினார். தீப்பெட்டி வாசலில் இருந்தது.

"என் தீப்பெட்டியைக் கொஞ்சம் தரச் சொல்லுங்க."

சார்ஜனுக்கு இப்போது விளங்கிவிட்டது. "ஸ்டேஷனுக்குள்ள தீப்பெட்டி கெடையாது. இப்படியே எடுங்க."

பானை பெரிதா சிறிதா என்று படத்தில் யாருக்குத் தெரியும்? சின்னச் சோற்றுப் பானை ஒரு அண்டாவாகவும் தெரியலாம். அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் கையில் வந்து நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தட்டை முக்காலியில் சாய்த்து வைத்தேன். குந்தி உட்கார்ந்து அரிசியில் ஒரு பிடி அள்ளி, பானை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"இப்படித்தான் சார். தினம் ஒரு பிடி. நான்தான் வச்சேன். எங்க வீட்டு ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மனுக்குக் கஞ்சி ஊத்த வச்சேன்."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"என்னா சொன்னே?" என்றார் சார்ஜன்.

"அப்படியே வை" என்றது கறுப்புத் துணி. "பத்து எண்ணுவேன். ஆடினா போச்சு. ஒண்ணு."

"ஏய், எடு கையை!"

"ரெண்டு. மூணு."

"கையை எடுன்னு சொல்றேன்ல!" சார்ஜன் முன்னால் வந்தார்.

"சார்ஜன், அந்தாண்ட போங்க. உங்க நிழல் பொண்ணு மேல விழுது. நாலு. அஞ்சு."

சார்ஜன் நின்றார். கிராணி பார்த்த மாதிரியே கீழே பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். நான் பானையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அந்தக் காமிராவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்து" என்றார் அக்கா. கண்ணாடிக்கு மூடி போட்டார்.

அந்தப் படத்தால்தான் என் வீட்டுக்காரரை விட்டார்கள் என்று சொல்ல எனக்குத் தெரியாது. பெரிய அதிகாரி வந்து என்னையும் கேட்டார். பக்கத்தில் ஒருவர் இங்கிலீஷில் சொன்னார். நானும் சொன்னதையே சொன்னேன், மாற்றவில்லை. என்னை அன்றே போகச் சொல்லிவிட்டார்கள். அவரை ஒரு மாசத்துக்கு மேல் வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். கப்பலில் ஏற்றவில்லை. தோட்டத்தில் மட்டும் எங்களுக்கு இனி இடமில்லை என்றார்கள். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு தெங்கேராவுக்கு வந்தோம். தெரிந்த ஒரே முகம் அக்காதான்.

அவருக்கும் அடையாள அட்டை வேலை போயிருந்தது. சார்ஜன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். எங்களால்தானே என்று நான் அழுதேன்.

"சீ, எந்திரி. மூஞ்சியா எடுத்து எடுத்து எனக்கும் சலிச்சுப் போச்சு. கத்திரிக்காய் தேவல" என்று சொல்லி, கீழே முதலாளியிடம் என்னை வேலைக்குச் சேர்த்துவிட்டார். அடுத்த ஆடியில் தெங்கேராவிலேயே வேண்டுதல் கஞ்சியை ஊற்றினேன். அக்கா வந்து இரண்டு தம்ளர் குடித்தார். "இவ்ளோ கஷ்டப்பட்ட கஞ்சியில உப்பு போட மறந்துட்டியேடி" என்றார்.

அதற்குப் பிறகு யாராவது விளக்கை முகத்துக்கு நேராக அடிக்கச் சொன்னால், "அது போலீஸ் வெளிச்சம். இங்க கெடையாது" என்பார். கேட்டவர்களுக்கு அது ஏதோ வேடிக்கைப் பேச்சு.

ஆக, முதலாளியின் காப்பி டின்னுக்கு என் கைதான் நின்றது. எடுத்து முடித்து முதலாளி கீழே போனதும், அக்கா அந்தச் சின்ன விளக்கை நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு உறையை எடுத்தார். "போலீசுக்கு ஒண்ணு போட்டேன். எனக்கு ஒண்ணு போட்டுக்கிட்டேன். எப்படித் தெரியும்னு கேட்டியே, பாரு" என்றார்.

அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. இப்போது என் பெட்டியில் இருக்கிறது. ஓரம் பழுத்துவிட்டது. மஞ்சள் முடிச்சு அக்கா சொன்னபடியே கறுப்பாக, ஆனால் துருத்திக்கொண்டு நிற்கிறது. அரிசி ஒவ்வொன்றாக எண்ணலாம். குவியல் அவ்வளவுதான், ஒரு சின்னப் பானையளவு. மேல் ஓரத்தில் புகை மாதிரி இரண்டு கறுப்புத் தீற்றல் இருக்கிறது. என்னவென்று கேட்டேன். "சார்ஜன் பூட்ஸு. பத்து எண்ணுறதுக்குள்ள முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ போனாருல்ல" என்றார்.

அந்த அறையில் ஆடியது அது ஒன்றுதான். பானை வாயருகில் என் கை இருக்கிறது. விரலிடுக்கில் அரிசி இருக்கிறது. நகத்தில் ரப்பர்ப் பால் கறை இருக்கிறது. எல்லாம் தெளிவாக இருக்கிறது.